ரேஸ் கோர்ஸ் ரோட்டிலிருந்து செப்பாங் வரை

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் குதிரை ஓடி 90 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்று அங்கே வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, பெருமாள் கோயிலுக்குப் போகும் கூட்டம் இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றும் கார்கள் இருக்கின்றன. பந்தயத்தின் அடையாளமாக மிஞ்சியிருப்பது தெருவின் பெயர்ப் பலகை மட்டும்தான்.

ஆனால் நமது லிட்டில் இந்தியா ஒரு பந்தயத் திடலின் பக்கத்தில் வளர்ந்த ஊர். 1843-ல் ஃபேரர் பார்க்கில் குதிரைப் பந்தயம் தொடங்கியது. சுற்றுவட்டாரத்தில் மாட்டுத் தொழுவங்களும் மாட்டு வியாபாரமும் பெருகின. பஃப்பலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் அந்தக் காலத்து எருமைகளை இன்றும் நினைவுபடுத்துகின்றன. 1911-ல் சிங்கப்பூர் மண்ணில் முதன்முதலாக விமானம் பறந்ததும் அந்தத் திடலில்தான். 1933-ல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனது, பிறகு கிராஞ்சிக்குப் போனது. 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிக் குதிரைப் பந்தயம் நடந்து முடிந்தது. 180 ஆண்டுக் கதை அத்தோடு சரி.

கார்ப் பந்தயத்துக்கும் சிங்கப்பூரில் நிரந்தரமான தடம் கிடையாது. சாங்கியில் ஒன்று கட்டும் திட்டம் இருந்தது. 2012-ல் அது கைவிடப்பட்டது. நமக்கு இருப்பது ஆண்டுக்கு ஒரு வார இறுதியில், மரினா பே சாலைகளில் விளக்கேற்றி நடக்கும் ஃபார்முலா ஒன். 2008-ல் அது தொடங்கியபோது உலகின் முதல் இரவு நேர ஃபார்முலா ஒன் பந்தயம் என்ற பெருமை நமக்குக் கிடைத்தது. அந்தப் பந்தயம் அதிகம் போனால் இரண்டு மணி நேரம். ஒரு காருக்கு ஓர் ஓட்டுநர். வென்றவர் மேடை ஏறுவார், வாணவேடிக்கை நடக்கும், மறுநாளே தடுப்புகளைப் பிரிக்க ஆரம்பிப்பார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு ஒரு வகைப் பந்தயம். அதைப் பார்க்கக் கடற்பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். கடந்த ஆண்டு டிசம்பரில் அப்பாவையும் என் மகனையும் அழைத்துக்கொண்டு போனேன். அப்பாவுக்கு அப்போது 74 வயது. பெண்டமீரில் வீவக வீடு. முப்பத்தாறு ஆண்டுகளாக டாக்சி ஓட்டுபவர்.

நீ சூன் வளைவில் ஒரு சிறுவன்

அப்பாவுக்குக் கார்ப் பந்தயத்தில் ஒட்டுதல் வந்தது டாக்சியால் அல்ல. தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். தளத்தின் தொழிலாளர் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருந்த காலம் அது. 1961 செப்டம்பரில் அப்பர் தாம்சன் சாலையை அடைத்துக் கார்ப் பந்தயம் நடத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், தாத்தா பதினோரு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் நீ சூன் பக்கம் வந்து இறங்கியிருக்கிறார்.

"ஒரு வளைவுதான் தெரிஞ்சுது. முதல்ல சத்தம் வரும். அப்புறம் வண்டி வரும். வந்துச்சுன்னு சொல்றதுக்குள்ள போயிடும். யார் ஜெயிச்சான்னு மறுநாள் பேப்பர் பார்த்துத்தான் தெரியும்" என்பார் அப்பா.

அந்தத் தடம் சுமார் 4.8 கிலோமீட்டர். இப்போது நாம் ஓட்டிப் போகும் அப்பர் தாம்சன் சாலை அதன் நேர்ப் பகுதி. 'தாம்சன் மைல்' என்பார்கள். காட்டுக்குள் வளைந்து திரும்பும் பழைய அப்பர் தாம்சன் சாலை மறுபாதி. பஸ் நிறுத்தங்கள், விளக்குக் கம்பங்கள், ஆழமான மழைநீர்க் கால்வாய்கள் எல்லாம் தடத்தின் ஓரத்திலேயே இருந்தன. 1964-ல் பெய்த பேய்மழையில் பந்தயத்தை நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. விபத்துகளில் ஓட்டுநர்கள் இறந்ததும் உண்டு. 1973-ஆம் ஆண்டோடு அது நின்றுபோனது.

1961-ல் அங்கே முதல் வெற்றி பெற்றவர் இயன் பார்ன்வெல். அவர் ஓட்டியது ஆஸ்டன் மார்ட்டின் டிபி3எஸ். பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1955, 1956, 1958 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இரண்டாம் இடம் பிடித்த அதே வகைக் கார். பகலும் இரவும் விடாமல் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட வண்டி நம்முடைய தாம்சன் சாலையில் வந்து ஜெயித்தது. அடுத்த ஆண்டு வென்ற சிங்கப்பூர்க்காரர் யோங் நாம் கீ ஓட்டிய ஜாகுவார் இ-டைப்பும் ஸ்போர்ட்ஸ் கார்தான். அந்த முதல் சில ஆண்டுகளில் தாம்சன் சாலை ஸ்போர்ட்ஸ் கார்களின் சாலையாகத்தான் இருந்தது.

குடும்பத்தோடு ஒரு காலை நேரம் அங்கே போய் வாருங்கள். தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் ஸ்பிரிங்லீஃப் நிலையத்தில் இறங்கினால் பக்கம். பழைய அப்பர் தாம்சன் சாலையை ஒட்டி 2019-ல் தாம்சன் இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் அங்கே இருந்த ஹைனானியர் கிராமத்தின் படிக்கட்டுகளும் சுவர்களும் மரங்களுக்கிடையில் இன்னும் தெரிகின்றன. அரிதான கருங்குரங்குகள் சாலையைக் கடப்பதற்காக மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். நடந்து முடித்துவிட்டு ஸ்பிரிங்லீஃபில் பரோட்டா சாப்பிட்டால் அரை நாள் போய்விடும். அந்த வளைவுகளில் நிற்கும்போது, இவ்வளவு குறுகலான சாலையில் எப்படித்தான் ஓட்டினார்களோ என்று தோன்றும்.

ஒரு கார், மூன்று பேர்

எண்டியூரன்ஸ் ரேஸ் என்றால் என்ன என்று வீட்டில் முதலில் கேட்டது என் மகன். நேரம்தான் அதில் அளவு. இத்தனை சுற்று என்று வைக்காமல், நான்கு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், இருபத்து நான்கு மணி நேரம் என்று வைப்பார்கள். அதற்குள் எந்தக் கார் அதிகத் தூரம் ஓடுகிறதோ அது வெற்றி. ஒரே காரை இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு பேர் மாறி மாறி ஓட்டுவார்கள்.

செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். "ரெண்டு ஷிஃப்ட் டாக்சி மாதிரியா?" என்றார்.

அவர் கேட்டது சரிதான். சிங்கப்பூரில் ஒரு டாக்சியைப் பெரும்பாலும் இருவர் பகிர்ந்து ஓட்டுவது வழக்கம். பகலில் ஒருவர், இரவில் ரிலீஃப் டிரைவர். அப்பா இரவு. பகல் ஓட்டுபவர் ஒரு மலாய்க்காரர். அப்பா அவரை 'அபாங்' என்று கூப்பிடுவார். அவர் அப்பாவை 'அண்ணே' என்பார். இருவருமே மற்றவரை மூத்தவராக வைத்துப் பேசுவது எங்களுக்கு வீட்டில் ஒரு வேடிக்கை. பத்தொன்பது ஆண்டுகளாக மாலை ஐந்து மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் எங்கள் புளோக்கின் கீழே சாவி கைமாறிக்கொண்டிருந்தது.

ஆசிய லெ மான் தொடர் 2009-ல் ஜப்பானின் ஒகயாமாவில் தொடங்கியது. இப்போது டிசம்பரில் ஆரம்பித்துப் பிப்ரவரியில் முடியும் குளிர்காலத் தொடர். முதல் களம் மலேசியாவின் செப்பாங், பிறகு துபாய், அபுதாபி. ஒவ்வொரு பந்தயமும் நான்கு மணி நேரம். தொடரில் வெல்லும் அணிகளுக்கு அடுத்த ஜூனில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கலந்துகொள்ள அழைப்பு கிடைக்கும். 1923 முதல் நடக்கும் அந்தப் பந்தயத்தில் நுழைய உலகமே வரிசையில் நிற்பதால், செப்பாங்கில் முதல் நாளே எல்லாரும் உயிரைக் கொடுத்து ஓட்டுவார்கள்.

2024-25 பருவத்தின் தொடக்கப் பந்தயங்கள் டிசம்பர் 7, 8 தேதிகளில், சனி, ஞாயிறு. பள்ளி விடுமுறை. என் கணவருக்கு அந்த வாரம் வேலை. "நான் வர்றேன். பாதி தூரம் நான் ஓட்டறேன்" என்றார் அப்பா.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. சில மாதங்களாக இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். பகல் ஷிஃப்டுக்கு மாறுங்கள் என்றால், "அபாங்குக்குப் பேரப் பிள்ளைங்க இருக்கு, ராத்திரி அவர் வீட்ல இருக்கணும்" என்பார். தமக்கும் பேரப்பிள்ளை இருப்பது அந்தக் கணக்கில் வராது. சிங்கப்பூரில் அப்போதைய விதிப்படி 75 வயதோடு டாக்சி ஓட்டும் உரிமம் முடிந்துவிடும். இன்னும் சில மாதங்கள்தான். அதைப் பற்றி வீட்டில் யார் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுவார். பகல் பயணம்தானே என்று ஒப்புக்கொண்டேன்.

முக்கால் டாங்கி

காரில் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சிங்கப்பூர் வண்டி நாட்டை விட்டு வெளியேறும்போது பெட்ரோல் டாங்கி குறைந்தது முக்கால் பங்கு நிரம்பியிருக்க வேண்டும். மலேசியாவுக்குள் நுழைய வாகன நுழைவு அனுமதியும், சுங்கச்சாவடிகளுக்கு டச் அண்ட் கோ அட்டையும் வேண்டும். குடிநுழைவில் கியூஆர் குறியீடு வந்த பிறகு கடப்பிதழ்களைக் கொத்தாகக் கொடுத்து வாங்கும் வேலை குறைந்திருக்கிறது. ஆனாலும் டிசம்பர் வார இறுதியில் கடற்பாலத்தில் நெரிசலுக்குக் குறைவிருக்காது. விடியுமுன் கிளம்பிவிடுவது நல்லது.

ஜொகூர் பாருவைத் தாண்டி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். நீலாய் அருகே பிரிந்து கோலாலம்பூர் விமான நிலையப் பக்கம் திரும்ப வேண்டும். விமான நிலையத்தை ஒட்டியேதான் செப்பாங் தடம். எங்கும் நிற்காமல் போனால் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அப்பா ஓட்டும்போது வண்டியில் பேச்சு குறைவு. மாச்சாப் ஓய்விடத்தில் நிற்கலாமா என்றேன். "இப்பதானே கிளம்பினோம்" என்றார். பாகோ வந்தது. பேரன் கழிவறைக்குப் போக வேண்டும் என்று சொன்னதால்தான் நின்றார். தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் ஓட்டுநர் பக்கமே போனார். "அப்பா, இது என் ஷிஃப்ட்" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு, "சீட்ட முன்னாடி இழுத்துக்க. கண்ணாடிய சரி பண்ணிட்டுத்தான் எடுக்கணும்" என்றார். எனக்கு நாற்பது வயதாகப் போகிறது.

குழிக்குள் நடப்பது

செப்பாங் தடம் 1999-ல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். 2017 வரை இங்கே ஃபார்முலா ஒன் நடந்தது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டியபோது, இந்தத் தடத்துக்கும் வந்தார். நீண்ட நேர்ப் பாதைகள் இரண்டு, நடுவில் ஒரு கூர்மையான திருப்பம். முதன்மைப் பார்வையாளர் மாடம் இந்த இரண்டு நேர்ப் பாதைகளுக்கும் இடையில் இருப்பதால், முன்னால் பார்த்தாலும் கார், பின்னால் திரும்பிப் பார்த்தாலும் கார்.

ஃபார்முலா ஒன் கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஆச்சரியப்படுவீர்கள். மாடத்தில் இடம் தாராளமாக இருக்கும். பிள்ளைகள் எழுந்து நடக்கலாம். பந்தயம் தொடங்குமுன் ரசிகர்களைக் கார் நிறுத்தும் 'பிட்' பாதை வரைக்கும் விடுவார்கள். குடை, தொப்பி, காதடைப்பான் மூன்றும் அவசியம். டிசம்பரில் அந்தப் பக்கம் வெயிலையும் மழையையும் நம்ப முடியாது.

தடத்தில் மூன்று வகைக் கார்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. எல்எம்பி2 வகை, பந்தயத்துக்கென்றே செய்தவை. தட்டையாக, மீன் போல இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே வகை எட்டு சிலிண்டர் இன்ஜின். எல்எம்பி3 அதைவிடச் சிறியது. மூன்றாவது ஜிடி வகை. போர்ஷே, ஃபெராரி, பிஎம்டபிள்யூ என்று ஆர்ச்சர்ட் சாலையில் பார்க்கும் முகங்கள். வேகமான கார் மெதுவான காரை ஒவ்வொரு சுற்றிலும் கடந்துகொண்டே இருக்க வேண்டும். மெதுவான காரும் தன் வகையில் யாரோடோ போட்டி போட்டுக்கொண்டிருக்கும். ஆகவே வழி விடுவதும் ஒரு திறமை. "பிஐஇ விரைவுச்சாலை மாதிரி இருக்கு" என்றான் மகன்.

ஓட்டுநர்களைத் திறமைக்கேற்பப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பிரிக்கிறார்கள். இந்தத் தொடரில் ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கல ஓட்டுநர் இருந்தாக வேண்டும். வெண்கலக்காரர்களில் பலர் வேறு தொழில் செய்பவர்கள். ஆசையால் பந்தயத்துக்கு வந்தவர்கள். அவர்களைப் பேருக்கு உட்கார வைத்துவிட்டு இறக்கிவிட முடியாது. குறிப்பிட்ட குறைந்தபட்ச நேரம் அவர்கள் ஓட்டியே தீர வேண்டும். ஆக, அணியின் தலையெழுத்து பாதி, அதன் மெதுவான ஆளின் கையில் இருக்கிறது. மிக வேகமான ஓட்டுநர் எத்தனை நொடி மிச்சம் பிடித்தாலும், வெண்கலக்காரர் காரை மண்ணில் இறக்கிவிட்டால் எல்லாம் போச்சு. அவர் ஒரு சுற்றுக்கு இரண்டு நொடி மெதுவாகப் போனாலும், காரைக் கீறலில்லாமல் கொண்டுவந்து கொடுத்தால் அதுவே பெரிய காரியம்.

நாங்கள் பிட் பாதைக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். அப்பாவின் பார்வை தடத்தில் இல்லை. ஓட்டுநர் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் வந்து நிற்கும். கதவு திறக்கும். உள்ளே இருப்பவர் வார்களைத் தளர்த்திக்கொண்டு வெளியே வருவார். அவர் உடம்புக்கேற்ப வார்த்த மெத்தையையும் கூடவே எடுப்பார்கள். அடுத்தவர் தம் மெத்தையோடு உள்ளே போவார். இறங்கியவர் அப்படியே போய்விடுவதில்லை. குனிந்து, உள்ளே உட்கார்ந்தவரின் வார்களை இழுத்துக் கட்டி, குடிநீர்க் குழாயையும் வானொலிக் கம்பியையும் மாட்டிவிட்டு, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் விலகுகிறார். ஓட்டி ஓட்டி அவருக்கே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையிலும் அடுத்தவருக்கு வார் இறுக்குகிறார்.

"பாரு, எறங்கினவன் எப்படிச் செய்யறான்னு" என்றார் அப்பா. பேரனிடம் தம் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஷிஃப்ட் மாறும்போது ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். இருக்கையில் சோற்றுப் பருக்கை கிடக்கக் கூடாது. பிரேக்கில் சத்தம் வந்தால், ஏசி சரியாகக் குளிராவிட்டால், முதலில் அதைச் சொல்ல வேண்டும். "நம்ம கஷ்டம் அடுத்தவனுக்குப் போகக் கூடாது. ஆனா வண்டியோட கஷ்டம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

லெ மானில் ஒருவர் 24 மணி நேரத்தில் மொத்தம் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, எந்த ஆறு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருப்பதை மகன் கைப்பேசியில் பார்த்துச் சொன்னான். அப்பா தலையாட்டினார். "ஏன், ஒருத்தனே முழுசும் ஓட்டினா என்னவாம்?" என்று அவரே கேட்டார்.

அப்படி ஒருவர் ஓட்டிப் பார்த்திருக்கிறார். 1952 லெ மானில் பியர் லெவே என்ற பிரெஞ்சுக்காரர் கூட ஓட்ட ஆள் இருந்தும் இருக்கையைக் கொடுக்க மறுத்து, தனியாக இருபத்து மூன்று மணி நேரம் போல ஓட்டினார். முன்னணியில் இருந்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் மீதி இருக்கும்போது இன்ஜின் போய்விட்டது. வெற்றி மெர்சிடீஸ் அணிக்குப் போனது. களைப்பில் கியரைத் தப்பாக மாற்றினார் என்பவர்களும் உண்டு, இன்ஜினிலேயே கோளாறு இருந்தது என்பவர்களும் உண்டு.

இந்தக் கதையைச் சொன்னபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில், செரம்பான் தாண்டியதும், "இன்னொருத்தன் அங்க உக்காந்து பார்த்துட்டுத்தானே இருந்திருப்பான்?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. லெவேயின் துணை ஓட்டுநரைப் பற்றிக் கேட்கிறார்.

தேக்காவில் ஒரு கேள்வி

அடுத்த மாதமே, 2025 ஜனவரியில், நெடுநேரப் பந்தயம் தேக்கா சந்தை வரைக்கும் வந்து சேர்ந்தது. காரணம் அஜித். துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி போர்ஷே 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. சிராங்கூன் ரோட்டில் தேநீர்க் கடைகளில் அதே பேச்சு. தேசியக் கொடியோடு அவர் ஓடிய காட்சியை ஒருவர் கைப்பேசியில் இன்னொருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பாவும் நானும் சந்தையில் மீன் வாங்கிவிட்டு அங்கே நின்றோம்.

"ஒரு கார், நாலு பேரு. அப்ப ஜெயிச்சது யாரு?" என்று ஓர் இளைஞர் கேட்டார்.

நல்ல கேள்வி. அந்தப் பந்தயத்தில் அதற்குப் பதிலும் இருந்தது. பயிற்சியின்போது அஜித்தின் கார் பெரிய விபத்துக்குள்ளானது. அதன் பிறகு, அணியின் நலனுக்காகத் தம் சொந்த அணிக் காரை ஓட்டுவதிலிருந்து விலகிக்கொள்வதாக அவர் முடிவு செய்தார். மற்றவர்கள் ஓட்டினார்கள், மூன்றாம் இடம் வந்தது. அவர் வேறோர் அணியின் காரில், ஜிடி4 பிரிவில் ஓட்டினார். மேடையில் அவர் பெயர் தாங்கிய அணி நின்றது. அந்த இடம் கிடைத்ததில் அவர் இறங்கிக் கொடுத்த இருக்கைக்கும் பங்கு உண்டு.

படத்தில் கதாநாயகன் ஒருவனாகவே நூறு பேரை அடிப்பதைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் நாம். அதே நட்சத்திரம் விலகி நின்று பெற்ற வெற்றிக்குத் தேக்காவில் அன்று விழுந்த கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அப்பா அந்த இளைஞரிடம், "வண்டி ஜெயிச்சுதுப்பா. வண்டிய யார் யார் ஒழுங்கா வெச்சிருந்தாங்களோ அவங்க எல்லாம் ஜெயிச்சாங்க" என்றார்.

சாவி

இந்த ஆண்டு நடுவில் அப்பாவுக்கு 75 ஆனது. அதற்கு மூன்று வாரம் முன்னதாகவே, யாரும் சொல்லாமல், தாமாகவே ஒரு தேதியைக் குறித்தார். அபாங்குக்குப் புது ரிலீஃப் டிரைவரைத் தேடிக் கொடுத்ததும் அவர்தான். நாற்பத்தெட்டு வயது, இரவில் கண் நன்றாகத் தெரிகிற ஆள், பேச்சு குறைவு என்று மூன்று தகுதிகளைச் சொன்னார். அந்தப் புது ஆளைக் கூட உட்கார வைத்து நான்கு இரவு ஓட்டினார். எந்த மருத்துவமனை வாசலில் எந்த நேரம் ஆள் நிற்பார்கள், எந்த வளைவில் மழைத் தண்ணீர் தேங்கும் என்று எல்லாவற்றையும் ஒப்படைத்தார்.

கடைசி நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு நானும் கீழே போயிருந்தேன். ஸ்டியரிங்கைத் துடைத்தார். பின்னிருக்கையைப் பார்த்தார். அபாங் வந்தார். அப்பா சாவியைக் கொடுத்துவிட்டு, "இடது பக்கக் கதவு. கொஞ்சம் அழுத்திச் சாத்தணும்" என்று மலாயில் சொன்னார். பத்தொன்பது ஆண்டுப் பழக்கத்துக்கு அதுதான் விடைபெறும் வார்த்தை. அபாங் உட்கார்ந்ததும் அப்பா குனிந்து, பக்கத்துக் கண்ணாடியைக் கையாலேயே கொஞ்சம் திருப்பிவிட்டு நகர்ந்தார்.

இப்போது காலையில் தேக்காவுக்கு நடந்து போகிறார். பேரனோடு பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறார். தாத்தாவோடு நின்று பார்த்த வளைவு எது என்பதில் இரண்டு இடங்களுக்கு நடுவே இன்னும் முடிவுக்கு வரவில்லை.

இம்மாத நடுவில் ஆசிய லெ மான் தொடரின் புதுப் பருவம் மறுபடியும் செப்பாங்கில்தான் தொடங்குகிறது. சொந்தக் கார் இல்லாதவர்களுக்குப் பீச் ரோட்டிலிருந்து கோலாலம்பூர் பஸ்கள் உண்டு. அங்கிருந்து விமான நிலையம் வரை ரயிலில் போய், கடைசிச் சில கிலோமீட்டருக்கு வாடகைக் கார் பிடித்துக்கொள்ளலாம். நாங்கள் காரில்தான் போகிறோம். நேற்று முக்கால் டாங்கிக்கு மேலேயே பெட்ரோல் போட்டு வைத்தாயிற்று. பாகோவில் நிறுத்தி நான் ஓட்டுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"பாகோ எதுக்கு? மாச்சாப்பிலேயே எடுத்துக்க" என்றார்.